லைல் ஹேகன் பேச்சை நிறுத்தும்போது

எங்கள் ஸ்டூடியோவில் ராத்திரி என்பது சாயங்காலம் ஐந்தரை மணிக்கே வந்துவிடும். வெளியே நியூயார்க் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். உள்ளே லைல் ஹேகன் திரையை விலக்கிக்கொண்டு வந்து, ஜனங்களுக்கு இரவு வணக்கம் சொல்வான். அவனுக்குப் பின்னால் துணியில் வரைந்த நகரம் ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கேற்றிக்கொண்டு நிற்கும். இதை டேப்பில் பிடித்துவைத்து, நாடு பல் துலக்கிப் படுக்கப் போகிற நேரத்துக்கு ஒளிபரப்புவார்கள். பாதி அமெரிக்கா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் தூங்கிப்போனது. அந்த நேரத்துக்கு அவன் வீட்டில் விழித்துக்கொண்டு கிடப்பான்.

நான் கார்மெலா பகானோ. எல்லோருக்கும் கார்மி. அங்கே ஃப்ளோர் மேனேஜர். லைலின் மேஜைக்கு எதிரே, நடுக் கேமராவின் காலடியில், காதில் ஹெட்போனோடு நிற்பவள். எப்போது ஆரம்பிக்கலாம், எப்போது விளம்பரத்துக்குப் போகலாம் என்று விரலால் காட்டுவேன். பேசுகிற விருந்தாளி இழுத்தால் கழுத்தை அறுப்பதுபோல் சைகை செய்வேன். ஒரு முறை ஆரம்பித்தால் டேப் முடிகிற வரை நிற்காது. அதுதான் எங்கள் சட்டம். தும்மினாலும் தடுக்கி விழுந்தாலும் அதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி. எத்தனையோ வருஷமாக ஒரு நாள்கூட டேப்பை நிறுத்தியதில்லை என்று தயாரிப்பாளர் டிஷ்லர் கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அந்தக் கடைசி மாதங்களில் நான் அந்த இடத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். என் உயிரை அல்ல, லைலின் உயிரை. சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஈரக்குலை நடுங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் பயப்படும்போது பயப்படுவதில் ஒரு துணை உண்டு. எனக்கு அதுவும் இல்லை.

லைல் பிறந்தது டுலூத்தில். ஏரி, பனி, இரும்புத்தாது ஏற்றும் கப்பல், இதைவிட்டால் வேறொன்றும் இல்லாத வடக்கத்தி ஊர். நார்வேக்காரக் குடும்பம். ஹாகெஸ்டாட் என்ற நீளமான பெயரைத்தான் பிறகு வெட்டி ஹேகன் ஆக்கிக்கொண்டான். சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூட வாயைத் திறந்து கேட்க மாட்டார்களாம். அவன் அப்பா கோபம் வந்தால் அடிக்க மாட்டார், திட்ட மாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். ஒரு பனிக்காலம் முழுக்க அம்மாவோடு அவர் பேசவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த பையன் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரியும் பாதிரியார் மாதிரியும் பேசிக்காட்டி அம்மாவைச் சிரிக்கவைத்தான்.

"அன்னைக்கு ஆரம்பிச்ச வேலை, கார்மி. இன்னும் முடியல" என்பான்.

உள்ளூர் தொலைக்காட்சியில் வானிலை வாசிக்கப் போனான். ஒரு நாள் பனிப்புயலில் படச்சுருள் வந்து சேரவில்லை; காட்ட வேறு எதுவும் இல்லை. இவனைக் கேமராவுக்கு முன்னால் தள்ளி, ஏதாவது பேசு என்றார்கள். பேசினான். பக்கத்து வீட்டுக்காரரின் காலுறையிலிருந்து மேயரின் நாய் வரை பேசினான். ஊரே போன் போட்டு, புயல் முடிந்தாலும் இந்தப் பையனை நிறுத்தாதீர்கள் என்றது. அப்புறம் சிகாகோ, அப்புறம் நியூயார்க். இரண்டு கல்யாணம், இரண்டு விவாகரத்து. வீட்டில் வாயே திறக்க மாட்டேன் என்கிறான் என்று இரண்டு பெண்களும் ஒரே புகாரைச் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபமே வந்ததில்லை.

மௌனம் என்றால் அவனுக்கு அவ்வளவு பயம். ஒரு ஜோக்குக்கும் அடுத்த சிரிப்புக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கண நேரத்தை நினைத்தே தினமும் நிகழ்ச்சிக்கு முன்னால் வாந்தி எடுப்பான். திரைக்குப் பின்னால் அதற்கென்றே ஒரு வாளி இருந்தது. நான் புதினா மிட்டாயும் துண்டுமாக நிற்பேன்.

"இன்னைக்கு ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க, கார்மி."

"நேத்தும் இதையேதான் சொன்ன. வாயத் துடை. டை கோணலா இருக்கு."

முதல் தடவை அது நடந்தது ஓர் ஓபரா பாடகி வந்திருந்தபோது. தன் நாய்க்குத் தனி மருத்துவர் வைத்திருக்கும் கதையை அந்த அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார். லைல் பென்சிலை விரலிடையில் உருட்டிக்கொண்டே, "அப்போ அந்த டாக்டர் உங்க நாய..." என்றான். அங்கேயே நின்றுவிட்டான். வாய் பாதி திறந்திருந்தது. கண் நேரே கேமராவைப் பார்த்தபடி அசையாமல் இருந்தது. பென்சில் கையிலிருந்து நழுவி உருண்டு கீழே விழுந்தது.

முதலில் யாரோ ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். பிறகு பின்வரிசை. பிறகு கூடமே. பாடகி தன்னைத்தான் கிண்டல் செய்கிறான் என்று நினைத்து மார்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். எங்கள் தொழிலில் பேச்சு நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சிரிக்க இடம் விடுகிறான். எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதற்குத்தான் இந்த ஆட்களுக்குச் சம்பளம். அதனால் ஒரு மனிதன் எங்கள் கண் முன்னால் அணைந்துபோனதை, அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை தொழில்காரர்களும் கெட்டிக்காரத்தனம் என்று எடுத்துக்கொண்டோம். நான் உட்பட.

கண்ணில் உயிர் வந்தது. திருதிருவென்று விழித்துவிட்டு, "எங்க விட்டேன்?" என்றான். கூரை பறந்துபோகிற மாதிரி சிரித்தார்கள். டிஷ்லர் ஹெட்போன் வழியாக என் காதுக்குள், "மேதைடி அவன்! மேதை!" என்று கத்தினார்.

நான் குனிந்து பென்சிலை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட கை ஐஸாக இருந்தது. அப்போதுதான் இது நடிப்பில்லை என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் ஒரு பத்திரிகை விமரிசகர், பேசாமலேயே சிரிக்கவைக்கும் துணிச்சல் இன்று ஹேகன் ஒருவருக்குத்தான் உண்டு என்று எழுதினார். அவன் ஒப்பனை அறையில் அதைக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்தான். நான் கதவைச் சாத்தினேன்.

"என்ன ஆச்சு நேத்து? உண்மையச் சொல்லு."

"படிக்கலையா? துணிச்சல்."

"லைல், நான் மெனக்கெட்டு உன் வாந்திய அள்ளிக் கொட்டறவ. என்கிட்ட வேண்டாம்."

அவன் நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தான். "மூணு மாசமா வருது. ஒத்திகையில ரெண்டு தடவை. குளிக்கும்போது ஒரு தடவை."

"வலிக்குதா?"

"ஒண்ணுமே தெரியாது. விளக்க அணைச்சு விளக்கப் போட்ட மாதிரி. வலி கிடையாது, பயம் கிடையாது. சத்தியமா."

"டாக்டர்கிட்டப் போலாம் வா. இப்பவே."

"புது ஒப்பந்தம் வருது, கார்மி. மூளையில ஏதோன்னு ஒரு டாக்டர் வாயத் திறந்தா போதும், நாளைக்கே வேற ஒருத்தன் அந்த நாற்காலில உக்காந்திருப்பான். அப்புறம் நான் வீட்ல உக்காந்து என்ன பண்ணுவேன், சொல்லு? சுவத்தோட பேசவா?" என் கையைப் பிடித்துக்கொண்டான். "கையெழுத்து ஆகட்டும். அப்புறம் நீ எங்க கூப்பிட்டாலும் வரேன்."

சரி என்று தலையாட்டினேன். அந்த வாக்கை நான் ஒரு வாரம்கூடக் காப்பாற்றவில்லை. காப்பாற்றவும் கூடாது. நேரே டிஷ்லரிடம் போனேன். அவர் அறையில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.

"அது நடிப்பு இல்ல, டிஷ்லர். அவனுக்கு உடம்பு சரியில்ல. டாக்டர்கிட்டக் காட்டணும்."

"காட்டி?"

"காட்டின்னா? குணப்படுத்தத்தான்."

"குணமாயிட்டா நான் என்ன பண்றது?" என்றார். சிரிக்காமல் சொன்னார். சாண்ட்விச்சில் தடவிய கடுகுச் சாந்தை வாயோரத்திலிருந்து துடைத்துக்கொண்டார். "செல்லம், அந்தப் பார்வை வந்ததுலேர்ந்து நம்மளப் பாக்கறவங்க எண்ணிக்கை எங்கயோ போயிடுச்சு. அவன் நாப்பது வருஷமா பேசிப் பேசிச் சம்பாதிக்காதத வாய மூடிச் சம்பாதிக்கறான். அவனே ஒண்ணும் சொல்லல. நீ ஏன் கெடந்து அடிச்சுக்கற?"

அதோடு விட்டாரா? மரேயைக் கூப்பிட்டுவிட்டார். மரே எங்கள் நிகழ்ச்சிக்கு முன்னால் வந்து ஜனங்களைச் சூடேற்றும் கோமாளி. டேப் ஓடுவதற்குமுன் மேடையில் குதித்து, கைதட்டச் சொல்லும் விளக்குப் பலகை எரிந்தால் கைதட்டுவது எப்படி, விசில் அடிப்பது எப்படி என்று பழக்குவது அவன் வேலை. நன்றாகச் சிரிக்கிறவருக்கு முழங்கை நீளத்துக்குச் சலாமி என்கிற கறி உருளை ஒன்றைத் தூக்கிப் போடுவான். நல்லவன்தான். அவனுக்கும் பிள்ளை குட்டி உண்டு.

"மக்களே, இங்க பாருங்க!" என்று அன்று முதல் அவன் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். "லைல் இப்படி வெறிச்சுப் பாத்தாருன்னா, அதுதான் உங்க நேரம்! வயிறு கிழியச் சிரிங்க! அவரு எவ்வளவு நேரம் பாக்கறாரோ அவ்வளவு நேரம்! பக்கத்துல இருக்கறவர் சிரிக்கலேன்னா கிச்சுக்கிச்சு மூட்டுங்க!"

இப்படியாக, ஒரு மனிதனுக்கு வலிப்பு வந்தால் சிரிக்க வேண்டும் என்று தினமும் முந்நூறு பேருக்கு நாங்கள் பயிற்சி கொடுத்தோம்.

ஜனங்கள் எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நிஜமானது வராத நாளில் லைல் அதைத் தானாகவே செய்துகாட்ட வேண்டியிருந்தது. அது அவனுக்கும் வசதி. பத்துப் பொய்க்கு நடுவில் ஒரு நிஜம் வந்தால் யார் கண்டுபிடிப்பார்கள்? நான் கண்டுபிடிப்பேன். பொய்யாகப் பார்க்கும்போது பென்சிலை இறுக்கிப் பிடித்திருப்பான். நிஜமானது வந்தால் விரல் விட்டுப்போகும். அதனால் நான் அவன் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அவன் பேச்சை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் என் நெஞ்சும் நின்று ஓடும். பென்சில் கையில் இருந்தால் கடவுளுக்கு நன்றி சொல்வேன். உருண்டால், வா, வந்துவிடு, வந்துவிடு என்று முணுமுணுப்பேன். அவனுக்கு ஒன்றும் தெரியாது, வலியில்லை என்கிறானே என்று அதை ஒன்றைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்தாலும் தப்பிக்க முடியவில்லை. நாடே 'ஹேகன் பார்வை' பார்க்கப் பழகிவிட்டது. ரயிலில் பள்ளிக்கூடப் பசங்கள் ஒருத்தனை ஒருத்தன் வெறித்துப் பார்த்து உருண்டு சிரித்தார்கள். என் கணவன் வின்ஸ் பஸ் ஓட்டுகிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது முள்கரண்டியை வாய்க்குக் கொண்டுபோய் அப்படியே வெறித்தான். நான் ரொட்டிக் கூடையைத் தூக்கி அவன்மேல் வீசினேன்.

"என்னடி, உங்க ஆளு பண்ணா மட்டும் தமாஷா?"

"இன்னொரு தடவை பண்ணின, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

"கார்மி, மூஞ்சியப் பாரு உனக்கு. வெளுத்துப்போச்சு. விட்டுடு இந்த வேலைய."

"நான் விட்டா அவன் விரல யாரு பாக்கறது?"

அவனுக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் பூசையில் எங்கள் பாதிரியாரே பிரசங்கத்தின் நடுவில் பேச்சை நிறுத்தி வெறித்துப் பார்த்தார். கோயில் முழுக்கச் சிரித்தது. நான் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். எனக்கு அவர் செத்துவிட்டார் என்றே தோன்றியது.

ஒப்பந்தம் இன்னும் வக்கீல்களிடம் இழுத்துக்கொண்டு கிடந்தது. நான் தினமும் நச்சரித்தேன். அவன் தினமும், அடுத்த வாரம் என்றான்.

அந்த வியாழக்கிழமை லைல் மிக நன்றாக இருந்தான். வாளியைக்கூடத் தொடவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே கோடை கொளுத்தியது; உள்ளே வழக்கம்போல் குளிரை ஏற்றி வைத்திருந்தோம். குளிர்ந்தால்தான் ஜனங்கள் தூங்காமல் சிரிப்பார்கள் என்பது எங்கள் கணக்கு. மரே மூன்றாவது வரிசையில் ஒரு கண்ணாடிக்காரரைப் பிடித்துவிட்டான். கழுதை கனைப்பது மாதிரி ஒரு சிரிப்பு அவருக்கு. "இதுதான் சிரிப்பு!" என்று சலாமியை அவர் மடியில் போட்டான்.

முதல் விளம்பரம் ஒரு காபி கம்பெனியுடையது. அதை லைலே மேஜையில் உட்கார்ந்து செய்ய வேண்டும். கெட்டிலைத் தூக்கிக் கோப்பையில் ஊற்றி, மோந்து பார்த்து, ஒரு வாய் குடிக்க வேண்டும். கேமராவில் ஆவி நன்றாகத் தெரிய வேண்டும் என்பது கம்பெனிக்காரர்களின் கண்டிப்பு. அதனால் கொதிக்கக் கொதிக்கத்தான் கொண்டுவந்து வைப்பார்கள்.

நான் விரல் காட்டினேன். லைல் சிரித்துக்கொண்டே கெட்டிலை எடுத்தான். இடது கையால் கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஊற்ற ஆரம்பித்தான்.

"காலையில எழுந்ததும் என் முகத்தப் பாக்கறதுக்கே எனக்கு ஒரு தைரியம் வேணும். அந்தத் தைரியம்..."

நின்றுவிட்டான்.

பென்சில் கையில் இல்லை, பார்க்க எனக்கு எதுவும் இல்லை. கெட்டிலின் பிடி வளையம் அவன் விரல்களில் மாட்டிக்கொண்டு, கெட்டில் கோப்பை விளிம்பில் சாய்ந்தபடியே இருந்தது. காபிக் கோப்பை நிறைந்தது. விளிம்பு வரை வந்தது. வழிந்தது. ஜனங்கள் "ஓ..." என்று ஆரம்பித்து, அது தட்டில் இறங்கியதும் வெடித்தார்கள். காபி அவன் இடது கையின்மேல் ஓடியது. ஆவி பறந்தது. கை அசையவில்லை.

"குளோஸ்-அப்! கைக்குப் போ! கைக்கு!" டிஷ்லர் என் காதில் அலறினார். "அடேயப்பா, எப்படித் தாங்கறான் பாரு! நகராத, அவன் மேலயே இரு!"

எனக்குக் கை தெரிந்தது. சிவந்து, பளபளத்து, தோல் உப்பிக்கொண்டு வந்தது. அவன் கண் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தது. முந்நூறு பேர் நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். மரே ஓரத்தில் நின்று இரண்டு கையையும் தூக்கி, இன்னும், இன்னும் என்று ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தான்.

நான் கேமராவுக்கு முன்னால் நடந்தேன். எங்கள் தொழிலில் ஃப்ளோர் மேனேஜர் அதைச் செய்தால் மறுநாள் வேலைக்கு வர வேண்டியதில்லை. என்னைப் பார்த்ததும் சிரிப்பு இரண்டு மடங்கானது. ஹெட்போனும் குட்டைப் பாவாடையுமாக ஒரு குண்டுப் பெண் மேடையேறினால் வேறென்ன நினைப்பார்கள்? கெட்டிலைப் பிடுங்கினேன். அவன் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, நாற்காலியோடு கீழே விழுந்தான். கைகால்கள் வெட்டி இழுக்க ஆரம்பித்தன. குதிகால் தரையில் தடதடவென்று அடித்தது. அந்தத் தாளத்துக்கு ஏற்றாற்போல் ஜனங்கள் கைதட்டினார்கள்.

"டாக்டர்!" என்று கத்தினேன். "யாராவது டாக்டர் இருக்கீங்களா? இது தமாஷ் இல்ல!"

தமாஷ் இல்லை என்றதுதான் அன்றைக்கு மிகப் பெரிய தமாஷாகிவிட்டது. மூன்றாவது வரிசைக் கண்ணாடிக்காரர் எழுந்து நின்று, சலாமியைத் தலைக்கு மேல் ஆட்டி, "நான் டாக்டர்! நான் டாக்டர்!" என்றார். கனைத்துக்கொண்டே சொன்னார். எல்லோரும் அவருக்கும் கைதட்டினார்கள். லைலின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு பயத்தை நான் பட்டதில்லை. ஒருத்தன் சாகிறான், முந்நூறு பேர் பார்க்கிறார்கள், ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. நாங்களே கட்டிவிட்ட கண்.

"டேப்ப நிறுத்துங்க!" என்றேன்.

"நிறுத்தின, உன்னைக் கொன்னுடுவேன்" என்றார் டிஷ்லர்.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். மேடைக்குப் பின் சுவரில், நிகழ்ச்சி முடிந்தபின் கூடத்தை ஒழுங்குசெய்யப் போடும் வேலை விளக்குகளின் பெரிய சுவிட்ச் கைப்பிடி இருந்தது. எங்களிடம் யார் எதைத் தொடலாம் என்பதற்குச் சங்கத்துக்குச் சங்கம் சட்டம் உண்டு. நாற்காலி நகர்த்துகிறவன் கம்பியைத் தொடக்கூடாது, கம்பிக்காரன் திரையைத் தொடக்கூடாது. அந்தக் கைப்பிடியை மின்சாரக்காரர் சங்கத்தைத் தவிர வேறு யார் தொட்டாலும் மொத்த ஸ்டூடியோவும் வேலைநிறுத்தம் செய்யும். பக்கத்திலேயே ஹன்லன் என்ற மின்சாரக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏய் கார்மி! அதத் தொடாத! அது எங்க வேலை!"

தொங்கி இழுத்தேன்.

வெள்ளை வெளேரென்று கூடமெங்கும் வெளிச்சம் கொட்டியது. ராத்திரி போய்விட்டது. பின்னால் இருந்த நகரம் சுருக்கம் விழுந்த பழைய துணியாகத் தொங்கியது. தரையெல்லாம் கம்பியும் ஒட்டுநாடாவும். நடுவில், மேஜைக்குக் கீழே, கால்சட்டை நனைந்து ஒரு வயசான ஆள் துடித்துக்கொண்டு கிடந்தான்.

சிரிப்பு வரிசை வரிசையாக அறுந்தது. முன்வரிசையில் ஒரு பெண் வீறிட்டாள். கண்ணாடிக்காரர் முகம் செத்துப்போயிற்று. நாற்காலிகளைத் தாண்டிக்கொண்டு ஓடிவந்து மண்டி போட்டார். நிஜமாகவே டாக்டர்தான் அவர். லைலின் தலையைப் பக்கவாட்டில் திருப்பி, காலரைத் தளர்த்தினார். அப்போதும் அவர் அக்குள் இடுக்கில் அந்தச் சலாமி இருந்தது. "எனக்குத் தெரியல, அம்மா, எனக்குத் தெரியல" என்று அழுதுகொண்டே சொன்னார்.

உயிர் பிழைத்தான். மூளையில் கட்டி என்றார்கள். கைகால் இழுக்காமல் ஆளை மட்டும் உறையவைக்கிற ஒருவகை வலிப்பு அதனால்தான் வந்துகொண்டிருந்ததாம்; வியாழக்கிழமை அது முற்றிக் கைகாலையும் இழுத்துவிட்டதாம். மின்சாரக்காரர் சங்கம் என்மேல் புகார் கொடுத்தது. டிஷ்லர் நாற்காலி உயரத்துக்குப் பூங்கொத்து அனுப்பினார்.

சனிக்கிழமை மத்தியானம் என்னை உள்ளே விட்டார்கள். லைலின் இடது கையில் முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது. தலையை மழித்திருந்தார்கள். திங்கட்கிழமை அறுவை சிகிச்சை.

"பேச்சு போனாலும் போயிடும்ங்கறாங்க" என்றான். குரல் கம்மியிருந்தது. "கட்டி சரியா அந்த எடத்துலதான் உக்காந்திருக்காம். எடம் பாத்து உக்காந்திருக்கு."

"ஒண்ணும் போகாது. அதென்ன உன் பொண்டாட்டியா, உன்னை விட்டுட்டுப் போக?"

அவன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தான். நான் சட்டென்று அவன் விரல்களைப் பார்த்தேன். போர்வையைப் பிடித்திருந்தன.

"கார்மி, உன்கிட்ட ஒரு பொய் சொன்னேன்."

"ஒண்ணுதானா?"

"விளக்க அணைச்ச மாதிரின்னு சொன்னேன்ல? அது பொய்."

நான் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"எல்லாம் கேக்கும். எல்லாம் தெரியும். வாய் வராது, கை வராது, கண்ணத் திருப்ப முடியாது, அவ்வளவுதான். உள்ள முழுசா முழிச்சுக்கிட்டு இருப்பேன். நீ எதிர நிக்கறது தெரியும். கார்மி, கார்மின்னு கத்துவேன். ஒவ்வொரு தடவையும் கத்தியிருக்கேன். சத்தமே வெளிய வராது. அவங்க சிரிக்கறது மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கும்." மூச்சு வாங்கினான். "காபி ஊத்தினது தெரிஞ்சுது. கை வேகறது தெரிஞ்சுது. மரே இன்னும் இன்னும்ங்கறது தெரிஞ்சுது. எடுக்கத்தான் முடியல."

"அடப் பாவி. ஏண்டா சொல்லல? முதல் நாளே சொல்லியிருந்தா?"

"சொன்னா நீ அன்னைக்கே டேப்ப நிறுத்தியிருப்ப."

"நிறுத்தியிருப்பேன்தான்!"

"அதான். உள்ள கெடந்து கத்தறதவிட டேப் நிக்கறதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு." கண்ணை மூடிக்கொண்டான். "இப்ப ரெண்டும் பயமா இருக்கு. திங்கக்கிழமை பேச்சு போச்சுன்னா, அது மாதிரியே ஆயிடுவேனா? உள்ள கத்திக்கிட்டே... யாருக்கும் தெரியாம... கார்மி, நான்..."

நின்றுவிட்டான்.

கண் திறந்திருந்தது. வாய் பாதியில் இருந்தது. போர்வையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டுப்போயின. நான் மணியை அழுத்தினேன். நர்ஸ் வரும் செருப்புச் சத்தம் எங்கோ தூரத்தில்தான் கேட்டது. ஜன்னலில் முழு மத்தியான வெயில்.

இத்தனை மாதமும் நான் அவன் எதிரே வாயைப் பொத்திக்கொண்டு, அவன் அங்கே இல்லை என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இப்போது குனிந்து, அவன் கண் நேராகப் பார்க்கும் இடத்தில் என் முகத்தைக் கொண்டுபோய் வைத்தேன்.

"லைல். கேக்குதா? கேக்கும். நான்தான், கார்மி. இங்கதான் இருக்கேன். நீ கத்தறது எனக்குக் கேக்குது. நர்ஸ் வராங்க. உன் கையப் பிடிச்சிருக்கேன், பாரு, இது என் கை. பயப்படாத. இங்க வேற யாரும் இல்ல. யாரும் சிரிக்கல, லைல். யாரும் சிரிக்கல."

அசையாத அந்தக் கண்ணின் ஓரத்திலிருந்து தண்ணீர் வழிந்து காதுப்பக்கம் இறங்கியது. நான் பேசுவதை நிறுத்தவில்லை.